கடைசிக் கல்

இடுக்கியால் ஒரு சுற்று கூடுதல்.
அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.
தொலைக்காட்சியின் முதுகில் துருத்திக்கொண்டிருந்த
அந்தப் பித்தளை மூக்கு
கேபிளோடு சேர்ந்து கையோடு வந்துவிட்டது.
ஓட்டை மட்டும் மிச்சம்.
உள்ளே கடுகளவு தகரம் மினுங்கியது.

தண்டர் பேயில் அன்று மைனஸ் இருபத்தொன்பது.
ஞாயிறு. கடைகள் அடைத்தாயிற்று.
ஏழு மணிக்கு இறுதி ஆட்டம்:
பனித்தரையில் கல்லைத் தள்ளிவிட்டு
அதற்கு முன்னால் ஓடி ஓடிப் பெருக்குகிற ஆட்டம்.
சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.
எங்களுக்கு வருஷத்தில் பாதி, தரை என்றாலே அதுதான்.

ஆறரைக்கு எர்க்கி வந்தான்.
ஹில்காவின் அண்ணன்.
பாக்கி கட்டாததால் அவன் வீட்டுக் கேபிளை வெட்டிவிட்டார்களாம்.
இரவுப் பணிக்குக் கிளம்பும்போது ஹில்கா சொன்னாள்,
'வந்தால் உள்ளே விடு.' அவ்வளவுதான்.
மூன்று வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை.
அவனுடைய படகு மோட்டார்
என் கைக்கு வந்து, ஏரிக்குப் போனது.
கழன்று விழுந்தது என்பேன் நான்.
மாட்டத் தெரியாதவன் என்பான் அவன்.
ஏரி எதுவும் சொல்லவில்லை.
அந்த இடத்தில் அதற்கு நூற்று நாற்பது அடி ஆழம்.

பூட்ஸைக் கழற்றி வைத்தான்.
சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தான்.
கறுத்த திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
மறுபடி திரையை.

கத்தியால் கேபிளை உரித்தேன்.
கறுப்புத் தோல், பின்னல் கம்பி, வெள்ளைச் சதை,
நடுவில் ஒற்றைச் செம்பு நரம்பு.
நரம்பை ஓட்டைக்குள் விட்டு
பின்னலை விளிம்பில் விரலால் அழுத்தினேன்.
படம்!
விரலை எடுத்தால் பனிப்புயல்.
தீக்குச்சி செருகினேன். பனிப்புயல்.
ரொட்டிப் பையைக் கட்டும் கம்பி,
மருந்து பிளாஸ்டர்,
ஹில்காவின் கொண்டை ஊசி,
ஒன்றுக்கும் மசியவில்லை.
அதற்கு வேண்டியிருந்தது ஓர் ஆள்.

ஆகவே நான் பின்னால்,
சுவருக்கும் பெட்டிக்கும் இடையில், தூசியில் மண்டியிட்டு.
வருடமெல்லாம் காத்திருந்த ஆட்டத்தின்
காற்றுத் துவாரங்களை எண்ணிக்கொண்டு.
சத்தம் வந்தது, வராமலில்லை.
ஆனால் இந்த ஆட்டத்தில் சத்தம் என்பது
பாதி கத்தல், பாதி யோசனை.

கால் மணி நேரம் அவன் வாய் திறக்கவில்லை.
பிறகு, நாற்காலியிடம் சொல்வதுபோல்,
'கல் போகிறது' என்றான்.
சற்றுக் கழித்து, 'போகிறது.'
'இன்னும் போகிறது.'
உலகத்திலேயே மோசமான வர்ணனையாளன்.
'எங்கேடா போகிறது?'
என்னைக் கேட்காமல் என் வாய் கேட்டுவிட்டது.
'இடது பக்கம். உன் இடது இல்லை, என் இடது.'

எட்டாவது சுற்றில்
ஒரு மெத்தை இருக்கை தரையோடு நகர்ந்து வந்தது.
காலால்தான் தள்ளினான். எழுந்திருக்கவில்லை.
முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.
நன்றி சொல்லவில்லை, ஒரு சுற்று முழுக்க யோசித்தேன்.

கடைசிக் கல்.
பெருக்குகிறவர்கள் தொண்டை கிழியக் கத்த,
எனக்குத் தோளிலிருந்து கட்டைவிரல் வரை
பிடிப்பு ஏறியது.
நரம்பு நழுவியது.
அறை முழுக்கச் சோவென்று பனி.

'பிடி!' என்று அலறினான்.
'பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்!'
'அன்றைக்கும் இதைத்தான் சொன்னாய்!'

நான் தடவினேன். ஓட்டை, விளிம்பு, ஓட்டை.
எவ்வளவு நேரமோ.
படம் திரும்பியபோது கல் நின்றுவிட்டிருந்தது.
'யார் ஜெயித்தது?'
பதில் இல்லை.
'எர்க்கி?'
'தெரியவில்லை.
எல்லாரும் எல்லாருக்கும் கை கொடுக்கிறார்கள்.'

தோற்றவர்கள்தான் முதலில் கை நீட்டுவார்கள்.
இந்த ஆட்டத்தில் அது ஒரு தொல்லை.

பெட்டிக்கு மேலாக அவன் தலை எட்டிப் பார்த்தது,
என் முகத்தை இல்லை, கம்பியை.
'சால்டரிங் அயர்ன் என்னிடம் இருக்கிறது.'
கொஞ்சம் நிறுத்தினான்.
'இரவல் தரமாட்டேன்.
நானே கொண்டுவருகிறேன்.'